யாருடைய ராசி, யாருடைய விரல்?

மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினம். அதையொட்டி ஓசூரில் நடந்த ஒரு கூட்டத்தில், சிப்காட் பகுதியில் இருபது ஆண்டுகளாக உலோகத் தகடுகளை அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப் நடத்திவரும் ஒரு தொழிலதிபர் பேசினார். பெயர் வேண்டாம். அவர் சொன்னதையே இந்த வட்டாரத்தில் இன்னும் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர் மேடையேறிச் சொன்னார், அவ்வளவுதான்.

அவர் வைத்த வாதம் இது. தன்னிடம் பத்து பிரஸ்கள் ஓடுகின்றன. கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் சென்சார், லைட் கர்ட்டன் என்று ஒன்றும் மாட்டவில்லை. ஆனாலும் இருபது ஆண்டில் ஒருவனுக்கும் விரல் போனதில்லை. விபத்து என்பது கோடியில் ஒன்று. அந்த ஒன்று யாருக்கு என்பது அவனவன் தலையெழுத்து. 2023-இல் கிருஷ்ணகிரியிலும் அத்திப்பள்ளியிலும் பட்டாசு வெடித்துச் செத்தார்களே, இரண்டும் சனிக்கிழமை. கிருஷ்ணகிரியில் வெடித்தது ராகு காலம். நேரம் சரியில்லை என்றால் எந்தச் சென்சார் காப்பாற்றும்? எனவே அரசாங்கம் சின்ன முதலாளிகளை விதி, சட்டம் என்று நெருக்குவதை விட்டுவிட வேண்டும்.

அரங்கில் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு வரியும் தப்பு என்பதோடு, அந்தத் தப்பால் யாருக்கு லாபம், யாருக்கு ஊனம் என்பதும் தெளிவாகத் தெரிகிறது.

முதலில் சனிக்கிழமை. தேதிகள் உண்மை. 2023 ஜூலை 29 காலை கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு இருந்த இடத்தில் வெடித்து 9 பேர் இறந்தார்கள். அக்டோபர் 7 பிற்பகல், ஜூஜூவாடி தாண்டியதும் கர்நாடகத்தில் வரும் அத்திப்பள்ளியில், லாரியிலிருந்து பட்டாசுப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது தீப்பிடித்து 14 பேருக்கும் மேல் இறந்தார்கள். பெரும்பாலும் தர்மபுரி, கள்ளக்குறிச்சி மாவட்டத்துப் பையன்கள். தீபாவளி சீசனில் நாலு காசு பார்க்க வந்தவர்கள். படித்துக்கொண்டிருந்தவர்களும் அவர்களில் உண்டு. இரண்டுமே சனிக்கிழமைதான்.

அதனால் என்ன? இரண்டு சம்பவங்கள் ஒரே கிழமையில் விழ ஏழில் ஒரு வாய்ப்பு உண்டு. இது அபூர்வமே இல்லை. அதிலும் இவருக்குச் சனி மட்டும் கெட்ட நாள் இல்லை. செவ்வாயில் விழுந்திருந்தால் செவ்வாய் தோஷம் என்றிருப்பார். ராகு காலம் ஒன்றரை மணி நேரம், எமகண்டம் ஒன்றரை மணி நேரம், பகல் பன்னிரண்டு மணி நேரத்தில் கால்வாசி அதிலேயே போய்விடுகிறது. அஷ்டமி, நவமியைச் சேர்த்தால் முப்பது திதியில் நான்கு. செவ்வாய், சனி, ராகு காலம், எமகண்டம், அஷ்டமி, நவமி என்று இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு பெருக்கிப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு பகலில் எந்த நேரத்தைத் தொட்டாலும், நூற்றுக்கு 54 தடவை ஏதாவது ஒரு கெட்ட நேரத்தில் கை விழும். கரிநாள், சந்திராஷ்டமம், ஏழரைச் சனி எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை. பாதிக்கு மேற்பட்ட நேரத்தைக் கெட்டது என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, விபத்து அதில் விழுந்ததும் பார்த்தீர்களா என்று கேட்பது எந்த ஊர் சாட்சியம்? அத்திப்பள்ளி தீ பிற்பகலில் பிடித்தது. சனிக்கிழமை ராகு காலம் காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை. அதை அவர் மேடையில் சொல்லவில்லை. பொருந்துவதை எடுத்துக்கொண்டு பொருந்தாததை விட்டுவிட்டார்.

இரண்டு இடத்துக்கும் பொதுவாக இருந்தது கிழமையை விடப் பெரிய விஷயம். குவியலாகப் பட்டாசு, சுற்றிலும் ஜனம். பெங்களூருக்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசு வாங்க இந்த எல்லைக்குத்தான் வருகிறார்கள். நெடுஞ்சாலையோரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடைகள் முளைப்பது அதனால்தான். எவ்வளவு சரக்கை எங்கே அடுக்குவது, யாரை வைத்து இறக்குவது என்பதை எந்தக் கிரகமும் தீர்மானிக்கவில்லை. கிருஷ்ணகிரியில் நடந்ததும் ஊரில் பேசிக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. ஒரு கண்டம் கழிந்தது, இனி இந்தப் பக்கம் பயமில்லை என்றார்கள். சரியாகப் பத்தே வாரம். பட்டாசுக்கு ஞாபகம் கிடையாது. ஒரு ஊரில் வெடித்துவிட்டோமே, அடுத்த ஊரை விட்டுவிடலாம் என்று அது யோசிக்காது. நேற்று நடந்தது நாளைய வாய்ப்பைக் குறைக்க வேண்டுமானால், இடையில் யாராவது எதையாவது மாற்றியிருக்க வேண்டும்.

இனி அவருடைய பெருமைக்கு வருகிறேன். கோடியில் ஒன்று, இருபது ஆண்டு, பத்து பிரஸ். இவை அவரே கொடுத்த எண்கள். அவற்றை வைத்தே பார்ப்போம்.

பிரஸ் ஒரு தடவை இறங்கி ஏறுவது ஒரு ஸ்ட்ரோக். ஒரு ஷிப்டுக்கு 3,000 ஸ்ட்ரோக் என்று வையுங்கள். கிட்டத்தட்டப் பத்து விநாடிக்கு ஒன்று. உதிரிபாக வேலையில் இது அதிகமில்லை. ஆண்டுக்கு 300 நாள். ஒரு பிரஸ் ஆண்டுக்கு 9 லட்சம் ஸ்ட்ரோக் அடிக்கும், பத்து பிரஸ் 90 லட்சம். ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் விரல் போக வாய்ப்பு கோடியில் ஒன்று என்றால், ஆண்டு முடிவதற்குள் ஒருவருக்காவது விரல் போகும் வாய்ப்பு நூற்றுக்கு 59. காதில் விழும்போது கோடியில் ஒன்று என்பது ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சின்ன ஷாப்பே அந்தக் கோடியை ஓராண்டில் ஏறக்குறைய அடித்து முடித்துவிடுகிறது.

இருபது ஆண்டுக்கு 18 கோடி ஸ்ட்ரோக். அவர் எண்ணின்படி சராசரியாகப் பதினெட்டு விபத்து நடந்திருக்க வேண்டும். ஒன்றுகூட நடக்காமலிருக்கும் வாய்ப்பு ஆறரைக் கோடியில் ஒன்று. ஆரம்பத்தில் பிரஸ் குறைவாக இருந்திருக்கும் என்று பாதியாகக் குறைத்தாலும், எட்டாயிரத்தில் ஒன்று. ஆகவே அவர் சொன்ன இரண்டும் சேர்ந்து நிற்காது. கோடியில் ஒன்று என்பது வாய்க்கு வந்த எண்ணாக இருக்க வேண்டும், அல்லது விபத்தே இல்லை என்பது பதிவேட்டில் மட்டும் உண்மையாக இருக்க வேண்டும்.

பதிவேடு எப்படிச் சுத்தமாக இருக்கிறது என்பது இந்த வட்டாரத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். பிரஸ்ஸில் நிற்பவன் பெரும்பாலும் கான்ட்ராக்ட் பையன். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம். ஷாப் ரோலில் பெயர் இல்லாவிட்டால், கை அடிபட்டதும் தனியார் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, கையில் கொஞ்சம் பணம் கொடுத்து ரயிலேற்றி விட்டுவிடலாம். இஎஸ்ஐ-க்கு விபத்து அறிக்கை போகாது. சுவரில் 'விபத்தில்லா நாட்கள்' பலகையில் எண் ஏறிக்கொண்டே இருக்கும். அவருடைய ஷாப்பிலும் இப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. அவர் எண்ணை நம்பச் சொல்கிறாரே, அந்த எண் எந்த வழியாக வந்தது என்று கேட்கிறேன்.

சரி, அவருக்காக எண்ணைப் பத்து மடங்கு குறைத்துத் தருகிறேன். பத்துக் கோடியில் ஒன்று. அப்போது இருபது ஆண்டு ஒன்றும் நடக்காமல் தப்பும் வாய்ப்பு ஏறக்குறைய ஆறில் ஒன்று. இவரைப் போலவே சென்சார் மாட்டாமல் நடத்தும் நூறு ஷாப் இருந்தால், பதினாறு பதினேழு பேர் இருபது ஆண்டு கழித்து மேடையேறி என் பட்டறை ராசியானது என்று பேசலாம். மீதி எண்பத்துச் சொச்சம் பேரை யாரும் பேசக் கூப்பிட மாட்டார்கள். மைக் தப்பித்தவன் கையில்தான் போகிறது. அவன் பேச்சைக் கேட்டு, அவன் செய்தது சரி என்று நாம் வீட்டுக்குப் போகிறோம்.

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. போர்ட்கீவிச் என்பவர் 1898-இல் வெளியிட்ட புத்தகத்தில் பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்துச் செத்த வீரர்களைக் கணக்கெடுத்தார். பத்துப் படைப்பிரிவு, இருபது ஆண்டு, மொத்தம் 200 ஆண்டுக் கணக்கு. இறந்தவர்கள் 122 பேர். ஆனால் 109 ஆண்டுக் கணக்குகளில் ஒரு சாவும் இல்லை. 65-இல் ஒன்று, 22-இல் இரண்டு, மூன்றில் மூன்று, ஒன்றே ஒன்றில் நான்கு. நான்கு பேர் செத்த பிரிவில் அந்த ஆண்டு கிரகம் கெட்டுவிட்டது என்று எவனும் சொல்லியிருப்பான். ஒருவரும் சாகாத பிரிவின் தளபதி மீசையை முறுக்கியிருப்பான். எல்லாப் பிரிவுக்கும் ஒரே சராசரி ஆபத்து, மற்றது வெறும் தற்செயல் என்று வைத்துக் கணக்குப் போட்டாலே, சாவில்லாத ஆண்டுகள் 109 என்று வருகிறது. எந்தப் பிரிவில், எந்த ஆண்டில் என்பதை யாராலும் சொல்ல முடியவில்லை. மொத்தத்தில் எத்தனை என்பது மட்டும் அசையாமல் நின்றது.

அவர் குழப்பியது இந்த இரண்டையும்தான். விரல் யாருக்குப் போகும், எந்த நாளில் போகும் என்பது தற்செயல். அதை ஜோசியரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. ஆனால் பத்து ஆண்டில் எத்தனை பேருக்குப் போகும் என்பதை மெஷினை எப்படி வைத்திருக்கிறோம் என்பது தீர்மானிக்கிறது. மெஷினை வைத்திருப்பவர் அவர்.

எப்படி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பிரஸ் முன்னால் நின்று பார்த்தால் தெரியும். பழைய பிரஸ்ஸில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் தகட்டை அழுத்தும் ராம், கீழே உள்ள அச்சான டையின் மேல் இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருப்பதால் டைக்குள் இருக்க வழியில்லை. ஒரு பட்டனில் மரத்துண்டைச் செருகி டேப் சுற்றிவிட்டால், ஒரு கையால் பட்டன், இன்னொரு கையால் சீட்டை உள்ளே வைத்து எடுப்பது. ஸ்ட்ரோக்குக்கு ஒரு விநாடி மிச்சம். 3,000 ஸ்ட்ரோக்குக்கு 50 நிமிடம். அந்த 50 நிமிடம் டார்கெட்டில் சேர்கிறது, சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காததுபோல் போகிறார். கிளட்ச் சாவி தேய்ந்த பிரஸ் இன்னும் மோசம். பட்டனை விட்ட பிறகும் ராம் தானாக இன்னொரு தடவை இறங்கும். பிரஸ் ரிபீட் ஆயிடுச்சு என்பார்கள். அப்போது கை உள்ளே இருந்தால், போனது போனதுதான். அன்றைக்கு அந்தப் பையனின் நட்சத்திரத்தைக் கேட்கிறார்கள். சாவியை எப்போது மாற்றினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

அந்த 50 நிமிட லாபம் முதலாளிக்கு. கோடியில் ஒன்று என்ற நஷ்டம் ஆப்பரேட்டருக்கு. இருவரும் ஒரே பந்தயத்தில் பணம் வைத்திருந்தால் தலையெழுத்தைப் பற்றிச் சமமாகப் பேசலாம். அவருடைய கை டைக்கு அடியில் ஒரு நாளும் போனதில்லை. அடுத்தவன் விரலைப் பணயம் வைத்து இருபது ஆண்டு ஆடிவிட்டு, தோற்கவில்லை என்பதற்காக அதை அருள் என்று சொல்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நம்பிக்கை மீது எனக்குச் சண்டை இல்லை. ஓசூர் சந்திரசூடேஸ்வரர் கோயில் மலையேறி மகன் நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் தாய்க்கு வேறு வழி கிடையாது. பிரஸ் அவள் கையில் இல்லை. ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் நசுக்குகிற தொழிலாளியும் அப்படியே. ஆனால் சாவியை மாற்றவும் மரத்துண்டைப் பிடுங்கவும் சென்சார் மாட்டவும் வசதி உள்ளவர் அதே வார்த்தைகளைச் சொல்லும்போது, அது பக்தி ஆகாது. பொறுப்பைச் சாமி தலையில் இறக்கி வைப்பது. தாயின் வேண்டுதலை முதலாளி தன் வக்கீலாக வைத்துக்கொள்ளக் கூடாது.

சின்ன முதலாளி என்ன செய்வார் என்று கேட்பார்கள். பெரிய கம்பெனிகள் விலையை நெருக்குகின்றன, ஆர்டர் நாளைக்கே வேண்டும் என்கின்றன. அது உண்மை. அதை எதிர்த்து அவர் குரல் கொடுத்தால் பக்கத்தில் நிற்பேன். பாகத்தின் விலையில் பாதுகாப்புச் செலவும் சேர வேண்டும் என்று வாங்குகிறவர்களிடம் கேட்கட்டும். அவர் கேட்டது அதுவல்ல. சட்டத்தைத் தளர்த்து என்றார். ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டம் 1948-லேயே சொல்லிவிட்டது. அதற்கும் முன்னால், 1923-இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை ஒவ்வொரு விரலுக்கும் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போகும் என்று எழுதி வைத்தது. பின்னாளில் திருத்தப்பட்ட அந்த அட்டவணைப்படி, கட்டைவிரல் முழுதும் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. அவர் மேடையில் கோடியில் ஒன்று என்று சொன்னது இந்த விரல்களைத்தான்.

அடுத்த பாதுகாப்பு தினத்துக்கு அவரை மறுபடியும் பேசக் கூப்பிடட்டும். ராசியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நான்கு காகிதங்களைக் கொண்டு வரட்டும். இருபது ஆண்டில் பிரஸ்ஸில் நின்ற அத்தனை பேரின் பட்டியல், கான்ட்ராக்ட் ஆட்கள் உட்பட. அவர்களில் பாதியில் ஊருக்குப் போனவர்கள் யார், ஏன் போனார்கள் என்ற விவரம். மயிரிழையில் தப்பித்த சம்பவங்களை எழுதி வைத்த நோட்டு. கிளட்ச் சாவியும் ஸ்பிரிங்கும் கடைசியாக மாற்றிய தேதி. நோட்டே இல்லை என்றால் அதையும் அதே மைக்கில் சொல்லட்டும்.