மருந்துச் சீட்டு எழுதக் கற்பது எப்போது? மருத்துவக் கல்வியில் நீடிக்கும் இடைவெளி

புதுடெல்லி: மத்தியப் பிரதேச மாநிலம் சிந்த்வாரா மாவட்டத்தில் 2025-ம் ஆண்டு இருமல் மருந்து உட்கொண்ட 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து உயிரிழந்தனர். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்த 'கோல்ட்ரிஃப்' மருந்தில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சுப்பொருள் 48.6 சதவீதம் கலந்திருந்தது தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வில் தெரியவந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 சதவீதம் மட்டுமே.

இதையடுத்து ஆலைகளின் தரச் சோதனை குறித்து நாடு முழுவதும் விவாதம் எழுந்தது. ஆனால், சளி, இருமலுடன் வரும் சிறு குழந்தைகளுக்கு இத்தகைய மருந்து தேவைதானா என்ற கேள்வி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. அக்கேள்விக்கான விடை மருத்துவக் கல்லூரிகளின் வகுப்பறைகளில் தொடங்குகிறது.

எச்சரிக்கையும் நடைமுறையும்

குளோர்பெனிரமைன், ஃபீனைலெஃப்ரின் ஆகிய இரண்டும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தரக் கூடாது என்று மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே அறிவுறுத்தியிருந்தது. கோல்ட்ரிஃப் மருந்திலும் இவ்விரு மூலப்பொருள்கள் இருந்தன. 2 வயதுக்கு உட்பட்டோருக்கு இருமல், சளி மருந்துகளைப் பரிந்துரைக்கக் கூடாது, 5 வயதுக்கு உட்பட்டோருக்குப் பொதுவாக அவை உகந்தவை அல்ல என்று மத்திய சுகாதார சேவைகள் தலைமை இயக்குநரகம் 2025 அக்டோபரில் மாநிலங்களுக்கு அறிவுரை வழங்கியது.

புட்டியில் நஞ்சு கலந்திருப்பதை எந்த மருத்துவராலும் பார்த்த மாத்திரத்தில் அறிய இயலாது. அது ஆலையின் பொறுப்பு. கண்காணிக்கும் அரசுத் துறைகளின் பொறுப்பு. ஆனால், ஒரு மருந்து தேவையா, இல்லையா என்று முடிவு செய்வது மருத்துவரின் பொறுப்பு. அத்திறனை வளர்ப்பதற்காகவே மருந்தியல் கற்பிக்கப்படுகிறது.

இரண்டாம் கட்டத்தோடு முடியும் பாடம்

எம்பிபிஎஸ் படிப்பு நான்கரை ஆண்டுகள். அதன்பின் ஓராண்டு கட்டாயப் பயிற்சி. இதில் மருந்தியல், நோய்க்குறியியல், நுண்ணுயிரியல் ஆகியவை இரண்டாம் கட்டத்தில் இடம்பெறுகின்றன. அக்கட்டத் தேர்வோடு மருந்தியல் தனிப்பாடமாக நிறைவுபெறுகிறது. மாணவர் தாமே மருந்துச் சீட்டு எழுதும் நாள் அதற்குப் பல ஆண்டுகள் கழித்தே வருகிறது.

இந்த இடைவெளியின் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ரத்த அழுத்தத்துக்கு எனாலாபிரில் மாத்திரையும் சிறுநீர் பெருக்கியும் உட்கொள்ளும் முதியவர் மூட்டுவலிக்காக வருகிறார்; அவருக்கு டைக்ளோஃபெனாக் எழுதப்படுகிறது. தனித்தனியே பார்த்தால் மூன்றும் அந்தந்த நோய்க்குப் பொருத்தமான மருந்துகளே. மூன்றும் சேரும்போது சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படும் அபாயம் உள்ளது. பாடநூலில் இவை வெவ்வேறு அத்தியாயங்களில் உள்ளன. நோயாளியின் உடலில் ஒன்றாகச் சேர்கின்றன.

பாடத்திட்டத்தில் குறையா?

பாடத்திட்டம் இதை முற்றிலும் மறந்துவிடவில்லை. 2019-ல் சேர்ந்த மாணவர்கள் முதல் நடைமுறைக்கு வந்த திறன்சார் மருத்துவக் கல்வி முறை, தெளிவான மருந்துச் சீட்டை மூலப்பெயரில் எழுதுதல், பிறர் எழுதிய சீட்டை மதிப்பிடுதல், பக்கவிளைவைக் கண்டறிந்து பதிவு செய்தல், மருந்து உட்கொள்ளும் முறையை நோயாளிக்கு விளக்குதல் ஆகியவற்றை மருந்தியலில் மாணவர் பெறவேண்டிய திறன்களாக வகுத்துள்ளது.

சிக்கல் இத்திறன்கள் சோதிக்கப்படும் காலத்தில் உள்ளது. இரண்டாம் கட்ட மாணவர் பெரும்பாலும் தாளில் விவரிக்கப்பட்ட கற்பனை நோயாளிக்கே சீட்டு எழுதுகிறார். பின்னர் பயிற்சி மருத்துவராக வார்டுக்குள் நுழைந்ததும், மூத்தவர் எழுதியதைப் பின்பற்றுவதே பழக்கமாகிறது. பிரிட்டனில் பாதுகாப்பாக மருந்து பரிந்துரைக்கும் திறனைச் சோதிக்கும் தனித்தேர்வு இறுதியாண்டு மாணவர்களுக்காக 2014-ல் அறிமுகமானது. கற்பதற்கும் பணியேற்பதற்கும் இடையிலான தூரத்தைக் குறைப்பதே அதன் நோக்கம்.

பக்கவிளைவுப் படிவத்தின் மதிப்பு

சில ஆயிரம் பேரிடம் நடத்தப்படும் பரிசோதனையில் அரிய பக்கவிளைவுகள் வெளிப்படாமல் போகலாம். லட்சக்கணக்கானோர் பயன்படுத்தும்போதே அவை தெரியவரும். இதற்காக 2010-ல் தொடங்கப்பட்ட இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தை, 2011 முதல் காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் ஒருங்கிணைக்கிறது. நாடெங்கும் உள்ள மருத்துவக் கல்லூரிகளில் இதற்கான கண்காணிப்பு மையங்கள் இயங்குகின்றன. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பொதுமக்களும் பக்கவிளைவுகளைத் தெரிவிக்கலாம்.

மாதவிடாய் வலிக்குப் பரவலாகப் பயன்படும் மெஃபெனாமிக் அமிலம், உள்ளுறுப்புகளையும் பாதிக்கக்கூடிய கடும் ஒவ்வாமையை ஏற்படுத்தலாம் என்று 2023-ல் இந்த ஆணையம் எச்சரித்தது. இத்தகைய எச்சரிக்கைகளுக்கு அடிப்படை, யாரோ ஒரு மருத்துவர் நேரம் ஒதுக்கி நிரப்பி அனுப்பிய படிவங்களே.

செய்யக்கூடியவை

மருந்துப் பிழைகளால் உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 4,200 கோடி டாலர் செலவாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அதனுடன் ஒப்பிட்டால் இங்கு தேவைப்படும் மாற்றங்கள் எளியவை. இறுதியாண்டிலும் பயிற்சிக் காலத்திலும் மருந்தியல் ஆசிரியர்கள் வார்டுகளில் பாடம் நடத்தலாம். பயிற்சி மருத்துவர் எழுதிய சீட்டுகளை மாதந்தோறும் அவருடன் அமர்ந்து தணிக்கை செய்யலாம். பக்கவிளைவுப் படிவம் நிரப்புவதைப் பயிற்சிப் பதிவேட்டில் கட்டாயமாக்கலாம்.

ஆசிரியர் பற்றாக்குறையும், ஒரு நோயாளிக்குச் சில நிமிடங்களே கிடைக்கும் புறநோயாளிகள் பிரிவின் நெரிசலும் உண்மையான தடைகள். மருந்து எழுதாவிட்டால் வேறு மருத்துவரை நாடும் பெற்றோரின் எதிர்பார்ப்பும் அவற்றில் ஒன்று. எனவே, "இந்தக் குழந்தைக்கு இருமல் மருந்து தேவையில்லை, மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே அழைத்து வாருங்கள்" என்று பொறுமையாக விளக்குவதும் கற்பிக்கப்பட வேண்டிய திறனே. தேர்வில் அதற்கும் மதிப்பெண் உண்டு என்ற நிலை வந்தால், மாணவர்கள் அதையும் கற்றுத் தேர்வார்கள்.