கல்யாணப் பொண்ணு பச்சைக் கலரு!

கம்பம், சின்னமனூர் பக்கம் டீக்கடைச் சுவரை எப்பவாவது கவனிச்சிருக்கீங்களா பாஸ்? ஒரு ஆணியில பென்னி குயிக். அடுத்த ஆணியில சாமி காலண்டர். முல்லைப் பெரியாறு அணை கட்டினவரை நமக்குத் தெரியும். அந்த சாமி முகங்களை வரைஞ்சவரைத் தெரியுமா?

தென் மாவட்டங்கள்ல அதுக்கு முன்னோடி சி.கொண்டையராஜு (1898-1976). சென்னை ஓவியப் பள்ளியில படிச்சவர். நாடகக் கம்பெனிக்கு சீன் வரையப் போய், கோவில்பட்டியிலேயே தங்கிட்டார். கடைசி வரிசைக்காரனுக்கும் பளிச்னு தெரியணும்னு திரை வரைஞ்ச கை அது. அவரும் சீடர்களும் வரைய, சிவகாசி அச்சகங்கள் அதை வீடு வீடா கொண்டுபோய்ச் சேர்த்துச்சு.

அந்தப் பாணியில வந்த மீனாட்சி திருக்கல்யாணக் காலண்டரைப் பாருங்க. தாரை வார்க்கிற அண்ணன் பெருமாள், நீலம். கல்யாணப் பொண்ணு, பச்சை! பல பிரிண்ட்ல அந்தப் பச்சை மேனிக்கு சிவப்புப் பட்டு. சிவப்பும் பச்சையும் பக்கத்துல நின்னா ஒண்ணை ஒண்ணு தூக்கிக் காட்டும். 1839-லயே பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் இதைப் புத்தகமாவே எழுதிட்டார். நம்ம அப்பத்தாவுக்கு செவ்ரலைத் தெரியாது. ஆனா படத்துக்கு முன்னாடி நின்னா கண்ணு கலங்கிடும். ஏன்னா இந்தப் பள்ளத்தாக்குல பச்சைங்கிறது வெறும் கலர் இல்லை. அணை திறந்து, நாத்து வேர் பிடிச்சு, 'இந்தப் போகம் தப்பிச்சோம்டா சாமி'ன்னு விடுற மூச்சு அது.

இப்போ மேட்டருக்கு வருவோம். அதே காலண்டருக்குக் கீழ உட்கார்ந்துதான், 'பொண்ணு செவப்பா இருக்கணும்'னு தரகர்கிட்ட கண்டிஷன் போடுறோம். சிவப்பழகு க்ரீமும் அதே அலமாரியிலதான் இருக்கு. மீனாட்சிகிட்ட சிவப்பு புடவையில மட்டும்தான் பாஸ், மேனியில இல்லை! பச்சையா இருக்கிறவளுக்குக் கற்பூரம் காட்டிட்டு, காலேஜுக்கு வந்து கறுப்பா இருக்கிற தோழிக்குப் பட்டப்பேர் வைக்கிறது என்ன நியாயம்?

ஒரு சின்ன வேலை. லேப்ல இருந்து ஒரு லென்ஸ் எடுத்து காலண்டர் மேல வெச்சுப் பாருங்க. பொதுவா பச்சைக்குன்னு தனி மையே கிடையாது. நீலப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும் சேர்ந்து உங்க கண்ணை ஏமாத்துது. மொத்தம் நாலே மை: நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு.

இதுல கறுப்பை மட்டும் வேணாம்னு எடுத்துட்டா, மீனாட்சியோட கண்ணுக்கு உயிரே இருக்காது!