டேபை மூடினால் மெஷின் நின்றுவிடுமா?

புதிய கம்ப்யூட்டர் வாங்கியதும் வால்பேப்பரை மாற்றுகிறோம். செட்டிங்ஸ் பக்கம் பெரும்பாலும் போவதில்லை. வீட்டு கம்ப்யூட்டரில் இதனால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. ஆனால் இன்டர்நெட் வழியாகப் பயன்படுத்தும் விர்ச்சுவல் மெஷினில் டீபால்ட் செட்டிங்ஸை அப்படியே விடக்கூடாது என்பது என் கருத்து.

கிட்ஹப் நிறுவனத்தின் கோட்ஸ்பேசஸ் வசதியையே எடுத்துக்கொள்வோம். 2022 நவம்பர் முதல் இது தனிநபர்களுக்கும் இலவச ஒதுக்கீட்டுடன் கிடைக்கிறது. பிரவுசரில் திறந்தால் போதும். 2 கோர் பிராசசர், 8 ஜிபி ராம், 32 ஜிபி டிஸ்க் கொண்ட லினக்ஸ் மெஷின் தயார். எங்கள் கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு புரோகிராமிங் படிக்கும் மாணவருக்கு இது பெரிய வரம். மின்சாரம் போனாலும் பாதியில் விட்ட வேலை அங்கே பத்திரமாக இருக்கும்.

சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. நம் வீட்டில் மின்சாரம் போனாலும், டேபை மூடினாலும், அந்த மெஷின் நிற்பதில்லை. டயல்-அப் காலத்தில் பிரவுசரை மூடிவிட்டு லைனை கட் செய்ய மறந்தால் போன் பில் எகிறுமே, அதே கதைதான். யாரும் பயன்படுத்தவில்லை என்று கண்டு மெஷின் தானாக நிற்பதற்கு டீபால்ட் ஆக 30 நிமிடம் ஆகிறது.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். கணக்கு போட்டுப் பாருங்கள். இலவச ஒதுக்கீடு மாதம் 120 கோர்-மணி. 2 கோர் மெஷினில் அது 60 மணி நேரம். தினமும் இரண்டு முறை திறந்து, நிறுத்தாமல் டேபை மட்டும் மூடினால், நாளுக்கு ஒரு மணி நேரம் வீண். மாதத்திற்கு 30 மணி நேரம், அதாவது சரிபாதி, யாரும் வேலை செய்யாமலே கரைந்துவிடும். கார்டு விவரம் தராதவரை பில் வராது என்பது உண்மைதான். ஆனால் ஒதுக்கீடு தீர்ந்தால் அடுத்த மாதம் வரை மெஷின் திறக்காது. பிராஜக்ட் கொடுக்க வேண்டிய வாரத்தில் இப்படி ஆனால் என்ன செய்வது?

எனவே முதலில் உங்கள் புரொபைல் படத்தைக் கிளிக் செய்து, செட்டிங்ஸில் கோட்ஸ்பேசஸ் பகுதிக்குச் செல்லுங்கள். ஐடில் டைம்அவுட்டை 10 நிமிடமாக மாற்றிடுங்கள். 5 நிமிடம் முதல் 240 நிமிடம் வரை வைக்கலாம். டெர்மினலில் ஏதாவது ஓடி, வரிகள் வந்துகொண்டே இருந்தால் மெஷின் அதையும் வேலையாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே வேலை முடிந்ததும் கோட்ஸ்பேசஸ் பட்டியலில் மூன்று புள்ளிகளைக் கிளிக் செய்து, நீங்களே நிறுத்துவதுதான் நல்லது.

அடுத்தது ரிடென்ஷன் பீரியட். நிறுத்திய மெஷினை 30 நாள் தொடவில்லை என்றால் அது டெலிட் ஆகிவிடும். கிட்ஹப்புக்கு புஷ் செய்யாத பைல்களும் சேர்ந்தே போய்விடும். செமஸ்டர் விடுமுறைக்கு ஊருக்கு வரும் மாணவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். அன்றாடம் புஷ் செய்திடுங்கள். முக்கியமான மெஷின் தானாக டெலிட் ஆகாதபடி அமைத்துவிடுங்கள். ஆனால் நிறுத்தி வைத்த மெஷினும் 15 ஜிபி இலவச ஸ்டோரேஜில் இடம் பிடிக்கும். தேவையற்றதை அழித்துவிடுங்கள்.

மற்றவர்களின் பிராஜக்டைத் திறக்கும்போதும் கவனம் தேவை. அதன் கான்பிகரேஷன் பைலில் குறைந்தது 4 கோர் என்று எழுதியிருந்தால், உங்கள் 60 மணி நேரம் 30 ஆகிவிடும். ரீஜியனை மட்டும் தானாகவே தேர்ந்தெடுக்க விடலாம். அந்த டீபால்ட் நமக்குச் சாதகமானது.

30 நிமிடம் என்பது மோசமான முடிவு என்று சொல்ல மாட்டேன். கம்பெனி பில் கட்டும் இடத்தில், டீ குடித்துவிட்டு வரும் டெவலப்பருக்கு அது வசதிதான். ஆனால் இலவச ஒதுக்கீட்டை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் மாணவருக்கு அது பொருந்தாது. கணக்கு தொடங்கும்போதே ‘எத்தனை நிமிடத்தில் நிறுத்தலாம்?’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அப்படிக் கேட்கும் வரை, முதல் புரோகிராம் எழுதும் முன் ஐந்து நிமிடம் செட்டிங்ஸுக்கு ஒதுக்குங்கள்.