பிளானை மாத்துறதுக்கு முன்னாடி ரௌட்டரைப் பாருங்க

நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு வீடு எடுத்திருக்கீங்க, நெட் பில்லையும் நாலாப் பிரிச்சுக்கிறீங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு ஆபீஸ் கால் விட்டு விட்டுக் கேக்குது. உடனே வர்ற யோசனை: '100 எம்பிபிஎஸ் பத்தல, 300-க்கு மாத்திடலாம்.' என்னைக் கேட்டா, பெரும்பாலான வீடுகள்ல இது தண்டச் செலவு.

கணக்கைப் பாருங்க. புது பிளானுக்கு மாசம் 500 ரூபாய் கூடுதல்னு வச்சுப்போம். 18% ஜிஎஸ்டி சேர்த்தா 590. வருஷத்துக்கு 7,080 ரூபாய். 4கே படம் பார்க்க நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைக்கிறதே 15 எம்பிபிஎஸ்தான். நாலு பேரும் ஒரே நேரத்துல 4கே பார்த்தாலும் 60. வீடியோ காலுக்குச் சில எம்பிபிஎஸ் போதும். அப்புறம் ஏன் 100 பத்தல?

பிரச்சினை அளவுல இல்லை, பங்கு பிரிக்கிறதுல இருக்கு. நெட் வேகம் ஆளுக்கு ஒரு பங்குன்னு பிரியாது. தோராயமா, கனெக்‌ஷனுக்கு ஒரு பங்குன்னு பிரியும். டோரன்ட் ஓடுற லேப்டாப் ஒரே நேரத்துல முப்பது நாற்பது கனெக்‌ஷன் திறக்கும். உங்க கால் ஒண்ணோ ரெண்டோதான். பந்தியில ஒருத்தர் மட்டும் முப்பது இலை போட்டு உட்கார்ந்த மாதிரி.

இன்னொண்ணும் இருக்கு. லைன் முழுசா நிரம்பினதும் மிச்ச டேட்டா கியூவுல நிக்கும். உங்க குரலும் அந்தக் கியூவோட கடைசியிலதான். இதுக்கு பஃபர்புளோட்னு பேர். ஃபைல் ரெண்டு செகண்ட் லேட்டா வந்தா யாருக்கும் தெரியாது. குரல் அரை செகண்ட் லேட்டானா மேனேஜருக்கே தெரியும். ஒருத்தர் போன்ல ஃபோட்டோ பேக்கப் ஓடினாலே அப்லோட் பக்கம் இப்படி அடைச்சுக்கும். 300-க்கு மாத்தினாலும் பெரிய டவுன்லோட் அதையும் நிரப்பத்தான் பார்க்கும்.

இதுக்குத் தீர்வு எஸ்க்யூஎம்னு ஒரு செட்டிங். அதுக்குள்ள இருக்கிற 'கேக்' என்ற முறை 2018-லயே லினக்ஸ் கெர்னலுக்குள்ள வந்தாச்சு, இலவசம். செட் பண்ணி விட்டா முதல்ல டிவைஸ் வாரியாவும், பிறகு கனெக்‌ஷன் வாரியாவும் பிரிக்கும். லைன் வேகத்துல சுமார் 90 சதவீதத்தை அதுல கொடுக்கணும். அப்பதான் கியூ உங்க ரௌட்டர் கட்டுப்பாட்டுல இருக்கும். 'ஆளுக்கு 25'னு பூட்டு போடுறதைவிட இது எவ்வளவோ மேல். மத்த மூணு பேரும் ஊருக்குப் போயிட்டா மொத்த வேகமும் உங்களுக்குத்தான்.

கம்பெனி கொடுக்கிற பாக்ஸ்ல இது பெரும்பாலும் இருக்காது. ஓப்பன்டபிள்யூஆர்டி போடக்கூடிய ரௌட்டர் தனியா வாங்கணும். ஒரு தடவை செலவு, நாலு பேர் பிரிச்சுக்கலாம். ரொம்ப மலிவான ரௌட்டரோட பிராசசர் திணறும், அதை மட்டும் விசாரிச்சு வாங்குங்க. செலவே வேண்டாம்னா டோரன்ட் ஆப்லயே ஸ்பீடு லிமிட் வைங்க, பேக்கப்பை நடுராத்திரிக்குத் தள்ளுங்க.

'நான் பார்க்கிறது ஆபீஸ் வேலை, எனக்குத்தான் முதல் உரிமை'னு ஒருத்தர் சொல்வார். தேவையே இல்லை. சமமா பிரிச்சாலே காலுக்கு வேண்டியதைவிட அதிகமா கிடைக்கும். 'அதிகம் யூஸ் பண்றவன் அதிகம் கட்டட்டும்'ங்கிறதையும் நான் ஏத்துக்கல. டேட்டா லிமிட்டைத் தாண்டாத வரைக்கும் அவர் படம் பார்த்தாலும் பார்க்காட்டியும் பில் அதேதான். கட்டுறது சமம், நெரிசல் நேரத்துல பங்கும் சமம். ஒரே சிக்கல், ரௌட்டருக்கு ஆள் தெரியாது, டிவைஸ்தான் தெரியும். போன், லேப்டாப், டிவி வச்சிருக்கிறவருக்கு மூணு பங்கு போகும். அதை நாலு பேரும் உட்கார்ந்து பேசித்தான் தீர்க்கணும்.

எதையும் வாங்குறதுக்கு முன்னாடி லேப்டாப்பை கேபிள்ல ரௌட்டரோட இணைச்சு, மத்தவங்க டவுன்லோட் ஓடும்போதே ஒரு கால் பேசிப் பாருங்க. கேபிள்ல சரியா கேட்டா உங்க பிரச்சினை வைஃபை சிக்னல். ரௌட்டரை ஹாலுக்கு நகர்த்தினாலே சரியாகலாம். அதுக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது.