தலையெழுத்தா? தலைக்கணக்கா?

சிவகாசியை அடுத்த விஸ்வநத்தத்திலே மருந்து என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். வைத்தியர் தருவதும் மருந்து. வெடிக்குள் திணிப்பதும் மருந்து. 'மருந்து அறை' என்று அந்த ஊர்த் தொழிலாளி சொன்னால், அது நோய் தீர்க்கும் அறையன்று. சிறு உராய்வு போதும், உயிர் குடிக்கும் அறை! அங்கே இத்தனை பேர்தான் இருக்கலாம், இவ்வளவு மருந்துதான் வைக்கலாம் என்று விதி உண்டு. ஏட்டிலே நால்வர், அறையிலே பதின்மர் என்றால் முடிவு என்னவாகும் என்பதை அவ்வூர்ச் சிறுவனும் அறிவான். பொய்க் கணக்கு ஆளைக் கொல்லும் என்பது அவர்களுக்குப் பாடப்புத்தகம் சொல்லித் தெரிந்ததல்ல. சுடுகாடு சொல்லித் தெரிந்தது.

2012 செப்டம்பர் 5 ஆம் நாள் முதலிப்பட்டியில் வெடித்தபோது ஏறத்தாழ 40 உயிர்கள் பறிபோயின. வெந்து துடித்தவர்களை ஏற்றிக்கொண்டு வண்டிகள் சிவகாசிக்கும் மதுரைக்கும் பறந்தன. அந்த வண்டிகளை மறித்து, 'உள்ளே எத்தனை பேர்? அனுமதிச் சீட்டு எங்கே?' என்று எவனும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விட்டிருப்போமா?

கேட்டார்கள், தோழர்களே! தனுஷ்கோடியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடலைக் கடந்தால் வரும் நாட்டிலே, நம் மொழி பேசிய மக்களிடம் கேட்டார்கள். 2009 இல், வன்னியில், போர் துரத்தத் துரத்த ஊர் ஊராக ஓடிய மக்கள் கடைசியில் முல்லைத்தீவுக் கடலோரத்து மணல் திட்டில் ஒண்டியிருந்தபோது, அவர்களுக்கும் இரண்டு மருந்துகள் உண்டு. வெடிமருந்து வந்தது, தடையின்றி வந்தது, வானிலிருந்தும் வந்தது, வரிசையாக வந்தது! காயத்துக்கு மருந்து? அதற்குத்தான் கணக்கு, அதற்குத்தான் கட்டுப்பாடு, அதற்குத்தான் கையொப்பம்.

அந்தக் கணக்கை இளைஞர்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டுகிறோம். வன்னியில் சிக்கியிருப்போர் சுமார் 70,000 பேர் என்றது கொழும்பு அரசு. அங்கேயே பணியில் இருந்த அரசு அலுவலர்களின் மதிப்பீடோ மூன்று இலட்சத்துக்கு மேல். சரியான எண்ணைச் சொன்னவருக்குக் கிடைத்தது பாராட்டல்ல, கண்டனம். 70,000 பேருக்கான உணவு, 70,000 பேருக்கான மருந்து என்று அளந்தார்கள். அந்த அளவும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. போர் ஓய்ந்து மக்கள் முகாம்களில் அடைக்கப்பட்டபோது தலைகளை எண்ணிப் பார்த்தார்கள். ஏறத்தாழ 2,90,000!

இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மனிதரை ஒரு பேனா முனை இல்லாமற் செய்திருந்தது. ஏட்டில் இல்லாதவனுக்கு எதற்கு மயக்கமருந்து? ஏட்டில் இல்லாத குழந்தைக்கு எதற்குக் குருதி?

புதுக்குடியிருப்பு மருத்துவமனை அடிபட்டது, ஒருமுறையல்ல, பலமுறை. அங்கிருந்து புதுமாத்தளனுக்குப் பெயர்ந்தார்கள். பள்ளிக்கூடம் மருத்துவமனை ஆயிற்று. பிறகு முள்ளிவாய்க்கால். மரக்கிளையிலே சேலைன் புட்டி தொங்கிற்று. பழந்துணி, காயக்கட்டு ஆயிற்று. அறுவைக்கத்தி இல்லாத இடத்தில் இறைச்சி வெட்டும் கத்தி எடுத்தார்கள். போதிய மயக்கமருந்தின்றிக் கை கால்களை அகற்றினார்கள். ஏற்றுவதற்குக் குருதி இல்லாததால், காயத்திலிருந்து வழிந்த குருதியைத் துணியில் வடிகட்டி அந்த நோயாளிக்கே திரும்ப ஏற்றினார்கள். நாம் கற்பனை பண்ணவில்லை, ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011 இல் தந்த அறிக்கை இவற்றைச் சொல்கிறது.

இவ்வளவையும் கேட்டபிறகு, விபூதி பளபளக்கும் நெற்றியைத் தடவிக்கொண்டு, 'எல்லாம் அவர்கள் தலையெழுத்து' என்கிறார் ஒரு பெரியவர். குல்லூர்சந்தை முகாமில் வாழும் ஈழத்தமிழர் காதிலும் இந்தச் சொல் விழாமல் இருந்திருக்காது. அப்படியா, ஐயா? பிரம்மன் எழுதியதாக நீங்கள் சொல்லும் எழுத்தை நாங்கள் கண்டதில்லை. அரசு எழுதிய எண்ணைக் கண்டோம். அது 70,000. மண்டையோட்டில் அல்ல, கோப்பில் எழுதப்பட்டது! தலையெழுத்து என்று சொல்லும்போதெல்லாம் தலைக்கணக்கைத் திருத்தியவன் தப்பித்துக்கொள்கிறான். அந்த மணலிலே கிடந்தவர்கள் கடவுளைக் கூப்பிட்டதை நாம் எள்ளமாட்டோம். கூப்பிட வேறு எவரை விட்டுவைத்தார்கள்? 2008 செப்டம்பரில் ஐ.நா. பணியாளர்களைக் கிளிநொச்சியை விட்டு வெளியேறச் சொன்னது அரசு. 'போகாதீர்கள்' என்று மக்கள் வாயிலில் நின்று கெஞ்சினார்கள். போய்விட்டார்கள். பார்ப்பதற்கு ஒரு சாட்சியும் எண்ணுவதற்கு ஒரு கையும் போயின.

எஞ்சி நின்றவர்கள் வரதராஜா, சத்தியமூர்த்தி, சண்முகராஜா போன்ற அரசு மருத்துவர்கள். காயத்தைக் கட்டினார்கள், அதோடு நில்லாமல், எத்தனை காயம் என்பதையும் தொலைபேசியில் உலகுக்குச் சொன்னார்கள். அதுதான் குற்றம்! மே மாதம் காவலில் வைக்கப்பட்டார்கள். சூலை மாதம், காவலிலிருந்தபடியே கொழும்பில் செய்தியாளர்முன் நிறுத்தப்பட்டு, தாம் சொன்ன எண்கள் மிகை என்று தாமே சொன்னார்கள். ஆகஸ்டில் பிணையில் வெளிவந்தார்கள். மருத்துவன் கையில் கத்தி இருப்பதற்கு அஞ்சாத அரசு, அவன் வாயில் எண் இருப்பதற்கு அஞ்சியது.

ஒன்றை மறைத்துவிட்டு எழுதினால் பகுத்தறிவு பேச நமக்குத் தகுதியில்லை. வெளியேற முயன்ற மக்களைப் புலிகள் தடுத்தார்கள், சுட்டார்கள் என்பதையும் அதே அறிக்கை சொல்கிறது. சுட்டவன் நம்மவன் என்பதால் குண்டு பூவாகிவிடாது. ஆனால், 'அவர்கள் பிடித்து வைத்தார்கள், ஆகவே நாங்கள் மருந்தை நிறுத்தினோம்' என்று எந்த அரசாவது வாதாடுமானால், பிணைக்கைதியின் மூச்சை நெரித்துவிட்டுக் கடத்தியவனைத் தண்டித்தேன் என்பது போலல்லவா?

'இறையாண்மையுள்ள நாடு, அதன் இசைவில்லாமல் எப்படி நுழைவது?' என்று கேட்கும் மேதாவிகளும் உண்டு. 1859 இல் சோல்ஃபெரினோ போர்க்களத்தில் இரு தரப்புக் காயம்பட்டோரும் கவனிப்பாரற்றுக் கிடந்ததைக் கண்டு ஹென்றி டியூனாண்ட் துடித்தார். 1863 இல் செஞ்சிலுவைக் குழு தோன்றிற்று. 1949 ஜெனீவா உடன்படிக்கைகள், உள்நாட்டுப் போரிலும் காயம்பட்டோரைச் சேகரித்துப் பேண வேண்டும் என்று கட்டளையிட்டன. இவ்வளவும் ஏட்டில் இருந்தபோதுதான், செஞ்சிலுவைக் குழு பிப்ரவரிமுதல் மே வரை கப்பலேற்றிக் காப்பாற்ற முடிந்தது, துணைக்கு வந்தோரையும் சேர்த்துச் சுமார் 14,000 பேரை. மே 9 க்குப் பிறகு அந்தக் கப்பலும் இல்லை. 2016 இல் மருத்துவமனைகளைக் காக்க 2286 ஆம் தீர்மானத்தைப் பாதுகாப்பு அவை ஒருமனதாக நிறைவேற்றியது. 2023 இல் காசாவின் அல்-ஷிஃபா மருத்துவமனைக்குள் படை நுழைந்தது. சட்டத்துக்குப் பஞ்சமில்லை.

நாம் என்ன செய்தோம்? 2008 அக்டோபரில் கொட்டும் மழையில் மனிதச் சங்கிலியாய்க் கைகோத்து நின்றோம். அந்தச் சங்கிலி கடலைத் தாண்டவில்லை. ஐரோப்பியத் தமிழர்கள் 884 டன் உணவும் மருந்தும் ஏற்றி அனுப்பிய 'வணங்கா மண்' கப்பல் 2009 சூனில்தான் அங்கே போய்ச் சேர்ந்தது, போர் முடிந்தபின். அப்போதும் திருப்பி அனுப்பினார்கள்! சென்னைக் கரைக்கு அப்பால் காத்துக் கிடந்து, வேறு கப்பலுக்கு மாறி, கொழும்பை அடைந்து, துறைமுகத்தில் மாதக்கணக்கில் முடங்கிற்று. காய்ச்சல் காத்திருக்குமா? சீழ் சுங்கச் சீட்டுக்காகப் பொறுத்திருக்குமா?

ஆகவே நாம் கேட்பது இரக்கமல்ல, இரண்டு உரிமைகள். போரால் பெயர்ந்த மக்களை எண்ணும் பொறுப்பு, போரிடுபவன் கையில் இருக்கக் கூடாது. மயக்கமருந்தும் குருதிப் பையும் காயக்கட்டும் போரிடுபவனின் அனுமதிச் சீட்டுக்காக நிற்கக் கூடாது. ஏட்டிலே நால்வர் என்று எழுதிய அறைக்குள் நுழைந்து எண்ணிப் பார்க்க ஆய்வாளர் வேண்டும் என்று விஸ்வநத்தம் தொழிலாளி கேட்பது நியாயமென்றால், இதுவும் நியாயமே.

2009 மார்ச்சில் இந்திய அரசு புல்மோட்டையில் ஓர் அவசர மருத்துவமனையை அமைத்தது. பின்னர் அது செட்டிகுளம் முகாம் பகுதிக்குப் பெயர்ந்து, செப்டம்பரில் மூடப்பட்டது. நல்ல பணி, மறுக்கவில்லை. அந்த ஆறு மாதங்களில் 50,000 பேருக்கு மேல் அங்கே மருத்துவம் பெற்றதாக இந்திய அரசே கூறியது. வன்னியில் இருந்தவர்கள் 70,000. ஒரே ஒரு மருத்துவமனையில் மட்டும் 50,000 பேர் மருத்துவம் பெற்றார்கள்! கணக்கு எழுதியவர்கள்தாம் இதற்கு விடை சொல்ல வேண்டும்.