அம்பு எந்தப் பக்கம்?

அக்கா மகன் இங்கே புனேயில் ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் இருக்கிறான். பிளானில் படிக்கட்டு அம்பு ஏறும் திசையைக் காட்டணும் என்று காலேஜில் படித்தவன். பாஸோ இறங்கும் திசையில்தான் போடச் சொல்வாராம். பக்கத்தில் 'அப்' என்று எழுதினால் அசிங்கமாம்! போன மாசம் மேஸ்திரி எதிர்ப் பக்கத்திலிருந்து படியை ஆரம்பித்துவிட்டார். திட்டு வாங்கியது? நம்ம பையன்தான்.

நான் பி.காம். படித்த பேங்க்காரன். ஆனாலும் ஹவுசிங் லோன் ஃபைலில் தினம் பிளான் பார்க்கிறேனே! டெபிட் இடது, கிரெடிட் வலது. மேனேஜர் இஷ்டத்துக்கு மாற்றினால் ஆடிட்டர் விடுவாரா? கட்டட வரைபடத்துக்கும் ஐ.எஸ். 962 இருக்கிறது, 1989-இல் திருத்தியது. ஷீட்டின் அழகு பாஸ் விருப்பம், சரி. குறியீடு மேஸ்திரி படிப்பதற்கு. தனி வழக்கம்தான் வேண்டுமென்றால் ஷீட் ஓரத்தில் விளக்கம் போடட்டும்.

"சொன்னா வேலை போயிடும் மாமா" என்கிறான். பாஸ் சொல்லும் திருத்தங்களை மெயிலில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.