ஈகையன்று, உரிமை!

மீலாது விழா மேடைகளிலும் பொதுநல மன்றங்களின் ஆண்டு விழாக்களிலும் மூன்று சக்கர வண்டிகள் வழங்கும் நிகழ்ச்சி தவறாமல் இடம்பெறுகின்றது. வள்ளல் பெருமக்கள் வழங்குகின்றனர்; பெற்றவர் நன்றி கூறி விடைபெறுகின்றார். மறுநாள் அந்த வண்டியில் அவர் எங்கே செல்வார் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. வங்கிக்குப் படி, வட்டாட்சியர் அலுவலகத்திற்குப் படி, நம் பள்ளிவாசலுக்கும் படி! வண்டியைக் கொடுத்து வழியை அடைப்பதற்கு ஈகை என்று பெயரிட்டிருக்கின்றோம்.

திருவள்ளூர் மாவட்டத்தைப் பாருங்கள். வள்ளூரில் 500 மெகாவாட் வீதம் மூன்று அலகுகள் கொண்ட அனல் மின் நிலையம் எழுந்து நிற்கின்றது. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை பரந்து கிடக்கின்றது. இத்துணைப் பெரிய கட்டுமானங்களை எழுப்பத் தெரிந்த நமக்கு, ஓர் ஆறங்குலப் படியின் ஓரத்தில் சாய்தளம் அமைக்கத் தெரியாதா? தொழிற்பேட்டைகளில் இயந்திரம் மனிதனின் விரலையும் கரத்தையும் பறிப்பது புதிய செய்தியன்று. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் கட்டைவிரலின் இழப்பை 30 சதவீத உழைப்பிழப்பு என்று கணக்கிட்டு வைத்தது. விரலுக்கு விலை கூறியாயிற்று. அதன்பின் அவன் எவ்வாறு பணிக்குத் திரும்புவான் என்பதற்கு அந்தப் பட்டியலில் விடையில்லை.

சட்டம் இல்லை என்று எவரும் தப்பிக்க முடியாது. ஐக்கிய நாடுகள் சபை 2006இல் நிறைவேற்றிய உடன்படிக்கையை நம் நாடு 2007இல் ஏற்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுக்கட்டடம் என்பதற்குள் பணியிடத்தையும் வழிபாட்டுக்குப் பயன்படும் கட்டடத்தையும் சேர்த்தே கூறுகின்றது. முன்பே உள்ள கட்டடங்களைச் சீராக்க, விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்தாண்டுத் தவணை அளித்தது. விதிகள் வெளியானது 2017 ஜூனில். தவணை முடிந்தது 2022 ஜூனில். 2024 நவம்பர் 8இல் உச்ச நீதிமன்றம், ராஜீவ் ரதூரி வழக்கில், விதிகளின் 15ஆம் பிரிவு கட்டாயமாக இராமல் வெறும் வழிகாட்டுதலாக இருப்பதைக் கண்டு அதனைச் செல்லாதென்றது. ஆகவே, கேட்பது சலுகையன்று, கடந்துபோன கடன்!

“எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர் எவருமில்லையே” என்பர் சிலர். 2011 மக்கள்தொகைக் கணக்கில் இந்தியாவில் 2 கோடியே 68 இலட்சம் பேர். உங்கள் கண்ணுக்கு அவர்கள் படவில்லையென்றால், உங்கள் படிக்கட்டு அவர்களை வீட்டிலேயே நிறுத்திவிட்டது என்று பொருள். “செலவாகுமே” என்பர் வேறு சிலர். ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளச் சாய்வு என்பது அளவு. ஆறங்குலப் படிக்கு ஆறடிச் சாய்தளம் போதும். மினாராவின் உச்சிக்கு வண்ண விளக்கு கட்டும் கைகளுக்கு இது பெருஞ்செலவா?

வழிகாட்டிகளுக்கும் குறைவில்லை. 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன், 1981இல் தென்காசி வட்டார ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். வளர்ச்சி தடைப்பட்ட குழந்தைக்குக் கிராமப் பணியாளரே வீட்டிற்குச் சென்று, கைப்பேசிச் செயலியின் துணையோடும் நிபுணர் வழிகாட்டலோடும் பயிற்சியளிக்கும் முறையை அச்சங்கம் வகுத்திருக்கின்றது. 1985இல் பூனம் நடராஜன் சென்னையில் தொடங்கிய வித்யாசாகர், கல்வியோடு சட்ட உரிமைக்காகவும் குரல் கொடுக்கின்றது. ஆஸ்திரியாவின் எஸ்ஸல் அறக்கட்டளை நடத்தும் ஜீரோ புராஜெக்ட், இத்தகைய புதிய தீர்வுகளை உலகெங்கும் தேடி வியன்னாவில் ஆண்டுதோறும் அறிமுகப்படுத்துகின்றது. இவற்றை வரவேற்கின்றோம். ஆனால் ஒன்று கூறுவோம்: எத்துணைப் புதுமையான நாற்காலியும் அடைத்த வாயிலைத் திறக்காது. புதுமை தொண்டு நிறுவனத்தாருடையது, வாயில் நம்முடையது.

இறுதியாக நம் சமுதாயத்தை நோக்கி ஒரு சொல். பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பொருட்டுத் திருக்குர்ஆனில் ‘அபஸ’ அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் அருளப்பெற்றன. அவரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் அனுதாபத்திற்குரியவராக ஒரு மூலையில் அமர்த்தவில்லை. பாங்கு சொல்லும் பணியைத் தந்தார்கள். தாம் மதீனாவை விட்டுச் சென்றபோது பொறுப்பையும் ஒப்படைத்தார்கள். வழிகாட்ட ஆளில்லை, வீட்டிலேயே தொழலாமா என்று வினவிய பார்வையற்ற தோழரிடம், பாங்கொலி கேட்கின்றதா என்று வினவி, கேட்கின்றதென்றதும் வருமாறு பணித்தார்கள். இதன் சட்ட விளக்கத்தை உலமாப் பெருமக்களுக்கு விடுவோம். ஒன்று மட்டும் தெளிவு: அவர் இல்லாத அணி நிறைந்த அணியன்று. பாதையில் கிடக்கும் இடரை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று போதிக்கும் மார்க்கத்தில், இறையில்லத்தின் வாயிலிலேயே இடரைக் கட்டி வைத்திருப்பது முறையா?

ஜமாஅத் நிர்வாகிகளே, ஆலை உரிமையாளர்களே! வாயிலில் சாய்தளம் அமையுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர் ஒளூச் செய்ய எட்டும் உயரத்தில் குழாய் வையுங்கள். ஜும்ஆப் பேருரையைச் செவிப்புலனற்றோருக்குச் சைகை மொழியில் எடுத்துரைக்க ஏற்பாடு செய்யுங்கள். கரம் இழந்த தொழிலாளிக்கு அவனால் இயன்ற பணியை அதே ஆலையில் தாருங்கள். இவற்றைச் செய்த பின்னர் வண்டி வழங்கும் விழா நடத்துங்கள். நாமும் வந்து வாழ்த்துவோம்.